ஐஸ் போட்ட தேநீரின் கதை

எங்கள் வீட்டில் ஆறிப்போன தேத்தண்ணீருக்கு மரியாதை கிடையாது. வந்த விருந்தாளி பேச்சு மும்முரத்தில் கோப்பையைத் தொடாமல் விட்டுவிட்டால், உம்மா அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக வேறொன்று ஊற்றிக்கொண்டு வருவார். “ஆறின தேத்தண்ணியக் குடுக்கிறதும் ஒண்டும் குடுக்காம அனுப்புறதும் ஒண்டுதான்” என்பது அவரது கட்சி.

அதனால்தான், தேநீரை வேண்டுமென்றே குளிரவைத்து, கிளாஸ் நிறைய ஐஸ்கட்டி போட்டு, அதையே விருந்தோம்பலின் அடையாளமாகக் கொண்டாடும் மக்களைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்பவர்கள். ஜோர்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா, அலபாமா, மிசிசிப்பி, டெனசி முதலிய மாநிலங்களில் உணவகமொன்றில் அமர்ந்து “டீ” என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் வருவது குளிர்ந்த, நன்கு இனித்த தேநீர்தான். சூடாக வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீனி வேண்டாமென்றால் அதையும் சொல்ல வேண்டும். கிளாஸ் காலியாகக் காலியாக மீண்டும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு அங்கு வழங்கும் பெயர் “சுவீட் டீ”, அதாவது இனிப்புத் தேநீர்.

தேநீர், சீனி, ஐஸ். இந்த மூன்றும்தான் அதில் உள்ளவை. மூன்றும் எப்படி ஒரே கிளாஸுக்குள் வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரை.

செய்முறையும் அதன் இரசாயனமும்

தென் மாநிலத்து வீடுகளில் இதை ஒரு கலன் அளவில், அதாவது ஏறக்குறைய 3.8 லீற்றர் அளவில், தயாரிப்பது வழக்கம். முதலில் சிறிதளவு கொதிநீரில் தேயிலைப் பைகளை ஊறவைத்துக் கடும் சாயமாக எடுப்பார்கள். அது சூடாக இருக்கும்போதே ஒரு கப் முதல் இரண்டு கப் வரை சீனி போட்டுக் கரைப்பார்கள். பிறகு குளிர்ந்த நீர் விட்டுக் கலனை நிரப்பி, ஆறவைத்து, ஐஸ் நிரம்பிய உயரமான கிளாஸில் ஊற்றுவார்கள். விரும்பினால் தேசிக்காய்த் துண்டு அல்லது புதினா இலை சேர்ப்பதுண்டு.

சூட்டிலேயே சீனி போட வேண்டும் என்பது அவர்களது முதல் விதி. குளிர்ந்த நீரில் அவ்வளவு சீனி கரையாது என்றே நானும் முதலில் நினைத்தேன். உயர்தர இரசாயனவியல் படிப்பவள் என்பதால் கணக்குப் பார்த்தேன். 20 பாகை செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைக் கரைக்கும். ஒரு கலனுக்கு இரண்டு கப் சீனி என்பது சுமார் 400 கிராம்தான். ஆகவே கரைதிறன் ஒரு தடையே அல்ல. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. சூட்டில் நொடிகளில் கரையும் சீனி, ஐஸ் நீரில் அடியில் தங்கிக் கிடக்கும். கலக்கிக் கலக்கிக் கை வலிக்கும். முதல் வாய் கசக்கும், கடைசி வாய் பாகாக இருக்கும்.

அவ்வளவு சீனி எதற்கு? குளிர்ச்சியில் நமது நாவு இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. ஐஸ்கிறீம் உருகியபின் திகட்டுவதும் இதனால்தான். எனவே சூடான தேநீருக்குப் போதுமான சீனி, குளிர்ந்த தேநீருக்குப் போதாததாகத் தோன்றும்.

விடுமுறை நாளொன்றில் நானும் இதைச் செய்து பார்த்தேன். அவசரத்தில், சூடு ஆறுமுன்பே பிரிஜ்ஜுக்குள் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது செம்பொன் நிறத் தேநீரைக் காணவில்லை. மழைக்காலத்து ஆற்று நீர்போல ஒரு கலங்கல்! “நேத்தைய தேத்தண்ணியா மகள் இது?” என்று உம்மா கேட்டார். அது கெட்டுப்போகவில்லை. தேயிலையில் உள்ள கஃபீனும் பல்பீனோல்களும் சூட்டில் கரைந்திருக்கும். குளிரும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய துணிக்கைகளாகிவிடுகின்றன. அதுவே கலங்கலாகத் தெரிகிறது. திடீரெனக் குளிரவைக்காமல், வெளியில் மெல்ல ஆறவிட்டால் கலங்கல் குறையும். சிறிது கொதிநீர் சேர்த்தாலும் தெளியும். இரண்டாவது முறை பொறுமையாகச் செய்தேன். தெளிவாக வந்தது. உம்மா ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, “சர்பத் மாதிரி இரிக்கி” என்றார். தேநீர் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐஸ் வந்த வழி

தென் மாநிலங்களின் கோடை கடுமையானது. வெப்பத்தோடு ஈரப்பதனும் சேர்ந்துகொள்ளும். அங்கு ஆறுகள் உறைவதில்லை. அப்படியானால் பிரிஜ் இல்லாத காலத்தில் ஐஸ் எங்கிருந்து வந்தது?

வடக்கிலிருந்து கப்பலில் வந்தது. 1806 இல் பொஸ்டன் நகர வணிகர் பிரெட்ரிக் டியூடர், குளிர்காலத்தில் குளங்களில் உறையும் பனியை வெட்டியெடுத்து, கரீபியன் கடலிலுள்ள மார்டினிக் தீவுக்கு அனுப்பினார். ஊரார் சிரித்தார்கள். முதற் பயணத்தில் பெரும்பகுதி உருகியும் போனது. ஆனால் அவர் விடவில்லை. மரத்தூளால் மூடினால் ஐஸ் நீண்டநாள் நிற்கும் என்று கண்டறிந்து, சார்ள்ஸ்டன், சவான்னா, நியூ ஓர்லியன்ஸ் முதலிய தென்பகுதித் துறைமுகங்களுக்கும் விற்றார். 1833 இல் கல்கத்தாவுக்கே ஐஸ் ஏற்றுமதியானது. என்றாலும் கோடையில் ஐஸ் என்பது வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது.

இதே காலத்தில் புளோரிடாவின் அப்பலாச்சிகோலா என்ற சிற்றூரில் டொக்டர் ஜோன் கோரி, காய்ச்சலால் துடிக்கும் நோயாளிகளின் அறையைக் குளிரவைக்க வழி தேடினார். அந்த முயற்சியிலேயே ஐஸ் செய்யும் இயந்திரமொன்றை உருவாக்கி 1851 இல் காப்புரிமை பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவரப் பணம் கிடைக்கவில்லை. 1855 இல், தன் கண்டுபிடிப்பின் பயனைக் காணாமலே இறந்தார். நோயாளிக்காகப் பிறந்த இயந்திரம் பின்னாளில் விருந்தாளிக்குப் பயன்பட்டது.

1861 இல் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கின் ஐஸ் தெற்குக்கு வருவது தடைப்பட்டது. 1865 இல் போர் முடிந்தபின் தென் நகரங்களில் செயற்கை ஐஸ் தொழிற்சாலைகள் பெருகின. ஐஸ் வண்டி தெருவுக்கு வந்தது. 1930 களில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் அரசாங்கத் திட்டம் தொடங்கிய பிறகு, பிரிஜ்ஜும் மெல்ல மெல்லச் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. ஆகவே “காலங்காலமாக” என்று சொல்லப்படும் இந்தப் பாரம்பரியம், எல்லோருடைய வீட்டுக்கும் வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகியிருக்காது.

சீனி வந்த வழி

ஐஸின் கதை புத்திசாலித்தனத்தின் கதை. சீனியின் கதை அப்படியல்ல.

தெற்கில் கரும்பு விளைந்த முக்கிய மாநிலம் லூசியானா. 1795 இல் எட்டியென் டி போரே என்ற தோட்ட உரிமையாளர் அங்கு கரும்புச் சாற்றைப் படிகச் சீனியாக்கி இலாபம் கண்டார். அதன்பின் கரும்புத் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களது சந்ததியினரும். கரும்பு வெட்டினால் உடனே ஆலையில் பிழிய வேண்டும். இல்லையேல் சாறு கெட்டுவிடும். எனவே அறுவடைக் காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. கொதிக்கும் கொப்பரைகளுக்கு அருகில் தூக்கமின்றி நின்ற அந்த மனிதர்களுக்குக் கூலி கிடையாது. 1865 இல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வரலாறு அடிக்கடி கசப்பில்தான் கொண்டுபோய் விடுகிறது.

தேயிலை வந்த வழி

அமெரிக்காவின் பழைய சமையல் நூல்களில் குளிர்ந்த தேநீரின் தடயங்கள் உள்ளன. 1839 இல் வெளிவந்த லெட்டிஸ் பிரையனின் “கென்டக்கி ஹவுஸ்வைஃப்” நூலில் தேநீரும் சீனியும் சேர்ந்த பானமொன்று உண்டு. ஆனால் அதில் மதுவும் கலந்திருப்பதால் அது நமக்கு ஆகாது! 1879 இல் வெளிவந்த மேரியன் கபெல் டைரியின் வேர்ஜீனியாச் சமையல் நூலில் மதுவற்ற ஐஸ் தேநீர் வந்துவிடுகிறது. மாலையில் குடிப்பதற்குக் காலையிலேயே தேயிலையை ஊறவைக்கச் சொல்கிறார். கிளாஸில் ஐஸ் நிரப்பி, இரண்டு தேக்கரண்டி சீனி போட்டு, தேநீரை அதன்மேல் ஊற்றி, தேசிக்காய் பிழியச் சொல்கிறார்.

இதில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, சீனி சூட்டில் கரைக்கப்படவில்லை, கிளாஸில்தான் போடப்படுகிறது. மற்றது, அவர் பயன்படுத்தியது பச்சைத் தேயிலை! அக்காலத்தில் அமெரிக்கர்கள் பெரும்பாலும் குடித்தது சீனாவிலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்த தேயிலையையே.

நமது கறுப்புத் தேயிலை எப்போது அங்கு போனது? இங்கேதான் பிரபலமான கதையொன்று வருகிறது. 1904 இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. இந்தியத் தேயிலையை அறிமுகப்படுத்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் அங்கு வந்திருந்தார். கொளுத்தும் வெயிலில் சூடான தேநீரை எவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவர் தேநீரில் ஐஸைப் போட்டாராம். கூட்டம் அலைமோதியதாம். ஐஸ் தேநீர் பிறந்ததாம்!

அழகான கதைதான். ஆனால் டைரியின் நூல் அதற்கு 25 ஆண்டுகள் முந்தியது. அது மட்டுமல்ல, அதே மிசூரி மாநிலத்தில், நெவாடா என்ற ஊரில், 1890 இல் முன்னாள் போர்வீரர்களின் ஒன்றுகூடலொன்று நடந்தது. அங்கு பரிமாறப்பட்டவற்றை உள்ளூர்ப் பத்திரிகை பட்டியலிட்டது. அதில் 880 கலன் ஐஸ் தேநீர் இருக்கிறது. அதாவது சுமார் 3,300 லீற்றர்! இன்னும் பிறக்காத ஒரு பானத்தை எவரால் இவ்வளவு குடிக்க முடியும்? பிளெச்சிண்டன் ஐஸ் தேநீரைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கறுப்புத் தேயிலையைக் குளிரவைத்தும் குடிக்கலாம் என்று ஏராளமானோருக்குக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

நமது நாடும் சும்மா இருக்கவில்லை. 1893 இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கை மரங்களால், நமது சிற்ப வேலைப்பாடுகளுடன் “சிலோன் கோர்ட்” என்ற மண்டபம் எழுப்பப்பட்டுச் சிலோன் தேநீர் வழங்கப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு அப்போது 26 ஆண்டுகளே ஆகியிருந்தன. இடையில் கோப்பிச் செடிகளை நோய் அழித்துவிட, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியிருந்தது. 1890 இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தனது தேயிலைப் பொதிகளை அமெரிக்கச் சந்தைக்கும் கொண்டுசென்றார். பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. சீனாவிலிருந்தும் யப்பானிலிருந்தும் தேயிலை வரும் வழி அடைபட்டது. இந்தியாவினதும் இலங்கையினதும் கறுப்புத் தேயிலையே அமெரிக்கக் கிளாஸ்களை நிரப்பியது. இன்றைய இனிப்புத் தேநீரின் செம்பழுப்பு நிறம் அப்படி வந்ததுதான்.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடழித்துத் தோட்டம் போட்டு, லயங்களில் வாழ்ந்தவர்கள். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள். டெய்லரின் பெயரும் லிப்டனின் பெயரும் பாடப்புத்தகத்தில் உள்ளன. கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. வேர்ஜீனியாவின் பழைய சமையல் நூலிலும் அப்படித்தான். அக்காலத்து வசதியான வீடுகள் பலவற்றில் அடுப்படியில் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். நூலில் இருப்பது வீட்டு எஜமானிகளின் பெயர்கள்.

யாருக்கு உபசாரம்?

1995 இல் தென் கரோலினா மாநிலம், தன் மண்ணில் விளையும் தேயிலையை “உத்தியோகபூர்வ விருந்தோம்பல் பானம்” என்று சட்டமியற்றிப் பிரகடனம் செய்தது. 2003 இல் ஜோர்ஜியாவில், ஐஸ் தேநீர் விற்கும் எல்லா உணவகங்களும் இனிப்புத் தேநீரும் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் குற்றம் என்றொரு சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. அது ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கை. ஆனாலும் அவர்கள் இதை எவ்வளவு தூரம் தம்முடையதாக நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

விருந்தோம்பல் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வேறொரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. அதே தெற்கில், வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில், 1960 பெப்ரவரி 1 ஆம் திகதி, கறுப்பின மாணவர் நால்வர் வூல்வர்த் கடைக்குள் நுழைந்தார்கள். அங்கு சில பொருட்களை வாங்கினார்கள். கடை அவர்களது பணத்தை வாங்கிக்கொண்டது. பின்னர் அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டார்கள். தரப்படவில்லை. அந்த ஆசனங்கள் வெள்ளையருக்கு மட்டுமானவை. அவர்கள் சண்டையிடவில்லை, எழுந்து போகவுமில்லை. கடை பூட்டும்வரை அமைதியாக அமர்ந்திருந்தார்கள். மறுநாள் மேலும் பலரோடு வந்தார்கள். அந்தப் போராட்டம் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. அவ்வாண்டு ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1964 இல் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

அந்த நால்வருள் ஜோசப் மெக்னீலுக்கு அன்று வயது 17. என் வயதுதான். இன்னொருவரான எஸெல் பிளேயர் பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று ஜிப்ரீல் கஸான் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். அவர்கள் கேட்டது தேநீரல்ல, கோப்பிதான். ஆனால் கேள்வி ஒன்றே. உபசாரத்துக்குப் பேர்போன ஓர் ஊர், தன் சமையலறையில் நின்று உழைத்தவர்களை மேசையில் அமரவிடவில்லை என்றால், அந்த உபசாரம் யாருக்கானது?

எங்கள் வீட்டுக் கோப்பை

இதை எழுதத் தொடங்கியபோது தூரத்து நாடொன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டு மதில் கட்டும் வேலை நடந்தது. மேசனுக்கு உதவியாளராக, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வயதான ஐயா ஒருவர் வந்திருந்தார். பத்து மணிக்கு உம்மா பிளேன்டீ ஊற்றி, அவருக்குக் கொடுக்கும்படி என்னிடம் தந்தார். பின்கதவோரத்தில் ஆணியில் தொங்கும் பச்சை நிறப் பிளாஸ்டிக் கோப்பையில்.

அந்தக் கோப்பை எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அங்கே இருக்கிறது. அது வேலைக்கு வருபவர்களுக்கு என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் நான் ஒருநாளும் அதில் குடித்ததில்லை. எங்கள் வீட்டில் எவரும் குடித்ததில்லை. நம்மிடம் வேலை செய்பவருக்கு நாம் உண்பதையே கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததைச் சிறுவயதிலேயே மனனம் செய்திருக்கிறேன். கோப்பையைப் பற்றி மட்டும் யோசித்ததே இல்லை.

அன்று நான் அந்தத் தேநீரை அலுமாரியிலிருந்த பூப்போட்ட கோப்பையொன்றில் மாற்றி, கீழ்த்தட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா கையைத் துடைத்தார். மீண்டும் துடைத்தார். வாங்கவில்லை. “வேற கப் இல்லையா பாப்பா? இது ஒடஞ்சிரும்” என்றார். உடையட்டும் ஐயா என்றேன். இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். இத்தனைக்கும் அவர் வரும் தோட்டத்தில்தான் அந்தத் தேயிலையே விளைகிறது.

உம்மா அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்கு நான் அடுப்படிக்குள் போனபோது, தட்டத்தில் இரண்டு பூப்போட்ட கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மேசனுக்கு, மற்றது ஐயாவுக்கு. ஆனால் பச்சைக் கோப்பை இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அதை எடுத்து வீசுவதா, நாங்களும் அதில் குடிக்கத் தொடங்குவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இனிப்புத் தேநீரைச் செய்து பார்க்க விரும்பும் தோழியர் நன்றாக ஆறவிட்டுப் பிரிஜ்ஜில் வையுங்கள். சீனியை அமெரிக்கர்கள் போடும் அளவுக்குப் போடாதீர்கள். இரண்டு கப் என்றால் ஒரு கிளாஸுக்கு ஆறு தேக்கரண்டி வரும். நீரிழிவு அதிகமுள்ள பிரதேசமாக இன்று அந்நாட்டு மருத்துவர்கள் அடையாளங்காட்டுவது பெரும்பாலும் அதே தென் மாநிலங்களைத்தான். எங்கள் உம்மும்மாவுக்கும் சீனி வருத்தம் உண்டு என்பதால் நாங்கள் அரைக் கப்போடு நிறுத்திக்கொண்டோம்.

ஊற்றிக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். யாருக்கு எந்தக் கோப்பை என்று.